வயதானவர் உடம்பில் தசை தளர்த்தும் மருந்து ஏன் இறங்க மாட்டேன் என்கிறது?

கேள்வி சுருக்கமாக இது. கேட்டவர் கோபிச்செட்டிபாளையம் பக்கத்துக் கிராமம் ஒன்றைச் சேர்ந்த பெண். அப்பாவுக்கு 76 வயது, 48 கிலோ எடை, மஞ்சளும் வாழையும் போடுகிற விவசாயி. போன வருடம் கோவையில் ஒரு மருத்துவமனையில் லேப்ராஸ்கோப்பி முறையில் பித்தப்பையை எடுத்தார்கள். ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது, டியூபையும் எடுத்துவிட்டோம் என்று சொன்ன கொஞ்ச நேரத்திலேயே மூச்சுத் திணறி, மறுபடி டியூப் போட்டு ஒரு ராத்திரி முழுக்க வென்டிலேட்டரில் வைத்தார்கள். "தசை தளர்த்தும் மருந்து இன்னும் இறங்கலைங்க, வயசாயிடுச்சு இல்லீங்களா" என்பதுதான் குடும்பத்துக்குக் கிடைத்த விளக்கம். இப்போது அடிவயிற்றில் குடலிறக்கம், அதற்கும் ஆபரேஷன் வேண்டும் என்கிறார்கள். அப்பாவோ, "அன்னைக்கு எல்லாம் காதுல கேட்டுது கண்ணு, கையைத்தான் அசைக்க முடியல. இன்னொருக்கா என்னால ஆகாது" என்கிறார். வயசுக்கும் இந்த மருந்துக்கும் என்ன சம்பந்தம், மறுபடி இப்படி ஆகாமல் என்ன செய்யலாம் என்று கேட்கிறார்.

நான் ஈரோட்டில் மயக்க மருத்துவராக இருக்கிறேன். என்னிடம் வருகிறவர்களில் பாதிக்கு மேல் அறுபதைத் தாண்டியவர்கள்தான். அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

முதலில் அப்பா சொல்வதை நம்புங்கள். பொது மயக்கத்தில் நாங்கள் கொடுப்பது ஒரு மருந்து அல்ல. தூங்க வைக்க ஒன்று, வலி தெரியாமல் இருக்க ஒன்று, தசைகளைத் தளர்த்த ஒன்று. மூன்றாவது மருந்துக்கு மூளையோடு எந்த வேலையும் இல்லை. அது தூங்கவும் வைக்காது, வலியையும் குறைக்காது. ஆபரேஷன் முடிந்து தூக்க மருந்தை நிறுத்தியதும் மனசு தெளிந்துவிடும். தசை மருந்து மட்டும் பாக்கி இருந்தால் கேட்கும், புரியும், கை கால் அசையாது, கண்ணைத் திறக்க முடியாது. வயசானவர் ஏதோ உளறுகிறார் என்று வீட்டில் யாரும் தள்ளிவிட வேண்டாம். அவர் சொல்வது மருந்தின் தன்மைக்கு அப்படியே பொருந்துகிறது.

அப்படிப்பட்ட மருந்தை ஏன்தான் கொடுக்க வேண்டும்? குரல்வளையைத் தாண்டி மூச்சுக்குழாயில் டியூப் போக வேண்டுமானால் அங்குள்ள தசைகள் தளர வேண்டும். லேப்ராஸ்கோப்பியில் கார்பன் டை ஆக்சைடை ஏற்றி வயிற்றை உப்ப வைக்கிறார்கள். வயிற்றுத் தசை இறுக்கமாக இருந்தால் உள்ளே கேமராவுக்கும் கருவிக்கும் இடம் கிடைக்காது. அமேசான் காட்டு மக்கள் அம்பு நுனியில் தடவிய குராரே என்ற நஞ்சிலிருந்து வந்த மருந்துக் குடும்பம் இது. 1942 ஜனவரி 23 அன்று கனடாவின் மாண்ட்ரியலில் ஹரால்டு கிரிஃபித், ஈனிட் ஜான்சன் என்ற இரண்டு மருத்துவர்கள் அதை முதன்முதலாக ஆபரேஷன் மயக்கத்தில் நல்லபடியாகப் பயன்படுத்திக் காட்டினார்கள். அதற்கு முன்பெல்லாம் தசை தளர வேண்டுமானால் மயக்கத்தையே ஆபத்தான ஆழத்துக்குக் கொண்டுபோக வேண்டியிருந்தது. அந்த வகையில் இவை உயிர் காத்த மருந்துகள்.

வேலை செய்கிற இடம், நரம்பு தசையைத் தொடுகிற சந்திப்பு. நரம்பு அங்கே அசிட்டைல்கோலின் என்ற வேதிப்பொருளை விடுகிறது. தசையில் அதை வாங்கிக்கொள்கிற ஏற்பிகள் இருக்கின்றன. தசை தளர்த்தும் மருந்து அந்த ஏற்பிகளில் போய் உட்கார்ந்துகொள்ளும். நரம்பு ஆணையிட்டாலும் தசைக்குப் போய்ச் சேராது. நம் பக்கத்தில் தோட்டத்தில் நல்ல பாம்பு கடித்தவரைப் பார்த்தவர்களுக்கு இது உடனே பிடிபடும். முதலில் கண் இமை சரியும், பேச்சு குழறும், எச்சில் விழுங்க முடியாது, அப்புறம்தான் மூச்சு. அந்த நஞ்சு உட்காருவதும் இதே ஏற்பியில்தான். பாம்புக்கடிக்குக் கொடுக்கிற நியோஸ்டிக்மின் ஊசியையே நாங்கள் ஆபரேஷன் முடிவில் கொடுப்பதும் அதனால்தான்.

இதில் எல்லோரும் தெரிந்துகொள்ள வேண்டிய ஒன்று இருக்கிறது. ஏற்பிகளில் 70 முதல் 75 சதவீதம் வரை மருந்து பிடித்துக்கொண்டிருந்தாலும் நரம்பை ஒரே ஒரு மின்துடிப்பால் தூண்டிப் பார்த்தால் தசை பலவீனம் தெரியாது. அந்த அளவைத் தாண்டினால்தான் வலு குறையத் தொடங்கும். 90 சதவீதத்துக்கு மேல் போனால் அசைவே நின்றுவிடும். ஆக, ஒருவர் கையை அசைக்கிறார், கண்ணைத் திறக்கிறார் என்பதை வைத்து மருந்து போய்விட்டது என்று சொல்ல முடியாது. பாதிக்கு மேல் இன்னும் அங்கேயே உட்கார்ந்திருக்கலாம்.

சரி, வயசு எங்கே வருகிறது?

பலரும் நினைப்பது, வயதானால் தசை இந்த மருந்துக்கு அதிகமாக மசிந்துவிடும் என்று. தூக்க மருந்துகளில் அது உண்மை. புரோபோஃபால் ஆகட்டும், செவோஃப்ளூரேன் வாயு ஆகட்டும், முதியவர்களுக்கு நன்றாகவே குறைத்துக் கொடுக்க வேண்டும். தசை தளர்த்தும் மருந்தில் கதை வேறு. ரத்தத்தில் எந்த அளவு மருந்து இருந்தால் தசை தளருமோ, அந்த அளவு 30 வயதுக்காரருக்கும் 76 வயதுக்காரருக்கும் கிட்டத்தட்ட ஒன்றுதான். மாறுவது, மருந்து உடம்புக்குள் பரவுகிற விதமும் உடம்பை விட்டு வெளியேறுகிற வேகமும்.

வயது ஏற ஏறத் தசை கரைகிறது, உடம்பின் நீர் குறைகிறது, கொழுப்பின் பங்கு கூடுகிறது. இந்த மருந்துகள் நீரில் கரைபவை. ஒரே அளவு வெல்லத்தைச் சின்னச் சொம்புத் தண்ணீரில் கரைத்த மாதிரி, ரத்தத்தில் செறிவு கொஞ்சம் கூடுதலாக நிற்கும். கல்லீரலுக்குப் போகும் ரத்த ஓட்டம் குறைகிறது. சிறுநீரகம் 40 வயதுக்கு மேல் வருடத்துக்குச் சுமாராக நிமிடத்துக்கு ஒரு மில்லி வீதம் வடிகட்டும் திறனை இழந்துகொண்டே வருகிறது.

சிறுநீரகத்தைப் பற்றி இங்கே கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும். குடும்பங்கள் ரிப்போர்ட்டைக் காட்டி, "கிரியேட்டினின் 1.0 தானுங்க, நார்மல்" என்பார்கள். கிரியேட்டினின் தசையிலிருந்து வருகிற கழிவு. தசையே குறைந்துபோனவர் உடம்பில் அது குறைவாகத்தான் உற்பத்தியாகும். சிறுநீரகம் பாதி வேலை செய்தாலே ரிப்போர்ட் நார்மலாக வந்துவிடும். கணக்குப் போட்டுப் பாருங்கள். 140-இலிருந்து வயதைக் கழித்து, எடையால் பெருக்கி, கிரியேட்டினினை 72-ஆல் பெருக்கி வந்ததால் வகுக்க வேண்டும். ஆண்களுக்கு இதுதான் கணக்கு. பெண்களுக்கு வந்த விடையை 0.85-ஆல் பெருக்க வேண்டும். 35 வயது, 70 கிலோ, கிரியேட்டினின் 1.0 என்றால் நிமிடத்துக்கு 102 மில்லி. உங்கள் அப்பாவுக்கும் அதே 1.0 என்று வைத்துக்கொண்டால் 64-ஐ 48-ஆல் பெருக்கி 72-ஆல் வகுக்க, 43 வரும். ரிப்போர்ட்டில் ஒரே எண், வடிகட்டுகிற வேலையில் பாதிகூட இல்லை. காடு மேடெல்லாம் நடக்கிற, "எனக்கு ஒரு நோவும் இல்லீங்க சாமி" என்று சொல்கிற பெரியவர்களுக்கும் இந்தக் கணக்கு பொருந்தும். ஆபரேஷனுக்கு முன் நான் தவறாமல் போடுகிற கணக்கு இது.

இதயம் ஒரு சுற்றில் தள்ளுகிற ரத்தமும் வயதில் மெதுவாகிறது. அதனால் ஊசி போட்ட மருந்து தசைக்குப் போய்ச் சேரவே நேரம் பிடிக்கும். இளைஞருக்கு ஒன்றரை நிமிடத்தில் தளர்கிற தசை முதியவருக்கு அதைவிட அரை நிமிடம், சமயத்தில் ஒரு நிமிடம்கூடப் பிந்தலாம். இங்கே பொறுமை இழந்து "இன்னும் கொஞ்சம் போடு" என்று கூடுதல் டோஸ் ஏற்றினால், அது ஆரம்பத்தை வேகமாக்காது; முடிவைத்தான் நீட்டும். முதல் டோஸை முதியவருக்கு பயந்து ரொம்பக் குறைக்கத் தேவையில்லை, ஆனால் காத்திருக்க வேண்டும். அடுத்தடுத்த டோஸ்களுக்கு நடுவே இடைவெளியைக் கூட்ட வேண்டும்.

மருந்துக்கு மருந்து வித்தியாசம் உண்டு. பான்குரோனியம் பெரும்பாலும் சிறுநீரகம் வழியாகப் போவது, இயல்பிலேயே நெடுநேரம் நிற்பது. முதியவர்களுக்கு அதைத் தொடாமல் இருப்பதே நல்லது, இப்போது யாரும் அதிகம் தொடுவதும் இல்லை. வெக்குரோனியம் கல்லீரலில் உடைகிறது. ஆனால் உடைந்து வருகிற துணைப்பொருளுக்கும் தசையைத் தளர்த்துகிற சக்தி இருக்கிறது, சிறுநீரகம் மந்தமாக இருந்தால் அது தேங்கும். ரோக்குரோனியம்தான் இன்றைக்கு நிறைய தியேட்டர்களில் ஓடுகிற மருந்து. அதிகமும் கல்லீரல், பித்தம் வழியாகவும் ஒரு பங்கு சிறுநீரகம் வழியாகவும் போகிறது. கிலோவுக்கு 0.6 மில்லிகிராம் கொடுத்தால் இளையவர்களுக்குச் சராசரியாக அரை மணி நேரத்துக்குள் முதல் கட்டத் தெளிவு வரும். முதியவர்களுக்கு அது 40 நிமிடத்தைத் தாண்டும்.

சராசரியைவிட எனக்குக் கவலை தருவது விரிவு. ஒரே வயது, ஒரே எடை உள்ள இரண்டு பெரியவர்களில் ஒருவருக்கு அரை மணியில் இறங்கும், இன்னொருவருக்கு ஒரு மணி நேரம் ஆகும். யாருக்கு எது என்று முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியாது. கடிகாரத்தைப் பார்த்து "நேரமாயிடுச்சு, இறங்கியிருக்கும்" என்று முடிவு செய்கிற பழக்கம் இளைஞர்களுக்கே சரியில்லை. முதியவர்களுக்கு அது ஆபத்து.

இந்த வரிசையில் தனியாக நிற்பவை அட்ராக்குரியமும் சிஸ்அட்ராக்குரியமும். இவை சிதைவதற்குக் கல்லீரலையோ சிறுநீரகத்தையோ அதிகம் நம்பியிருப்பதில்லை. ரத்தத்தின் வெப்பத்திலும் காரத்தன்மையிலும் தானாகவே உடைந்துபோகிற மாதிரி அமைந்த மூலக்கூறுகள். ஸ்காட்லாந்தின் ஸ்ட்ராத்கிளைட் பல்கலைக்கழகத்தில் ஜான் ஸ்டென்லேக் குழுவினர் திட்டமிட்டே அட்ராக்குரியத்தை அப்படி உருவாக்கினார்கள். அதனால் 80 வயதுக்காரருக்கும் இவை நிற்கிற நேரம் அதிகம் மாறுவதில்லை. அட்ராக்குரியம் வேகமாகக் கொடுத்தால் ஹிஸ்டமின் வெளிப்பட்டு பிரஷர் இறங்கலாம். சிஸ்அட்ராக்குரியத்தில் அந்தத் தொல்லை குறைவு. சிறுநீரகம் பழுதான முதியவருக்கு என் கை முதலில் போவது சிஸ்அட்ராக்குரியத்துக்குத்தான்.

வயதோடு சேர்ந்து மருந்தை இழுத்து நீட்டுகிறவை இன்னும் சில. குளிர் அதில் முக்கியமானது. தியேட்டர் ஏசியில் மெலிந்த பெரியவர் உடம்பு சீக்கிரம் சில்லிட்டுவிடும். உடம்பின் உள்வெப்பம் 2 டிகிரி செல்சியஸ் இறங்கினால் வெக்குரோனியம் நிற்கும் நேரம் இரண்டு மடங்கைத் தாண்டுவதாக அளந்து பார்த்திருக்கிறார்கள். சூடான காற்று ஊதும் போர்வையும் வெதுவெதுப்பான சலைனும் சொகுசுக்காக இல்லை. அமிக்காசின், ஜென்டாமைசின் போன்ற ஆன்டிபயாட்டிக், மெக்னீசியம், மயக்க வாயுக்கள், ரத்தத்தில் பொட்டாசியம் குறைவது எல்லாமே தளர்ச்சியை ஆழமாக்கும். மாறாக, வலிப்புக்கு வருடக்கணக்கில் ஃபெனிடாயின் அல்லது கார்பமசெப்பின் சாப்பிடுகிறவருக்கு ரோக்குரோனியமும் வெக்குரோனியமும் சீக்கிரம் இறங்கிவிடும். மறதி நோய்க்குக் கொடுக்கும் டோனெபெசில் மாத்திரையும் இந்தக் கணக்கைக் குழப்பும். வீட்டில் சாப்பிடுகிற மாத்திரை அட்டைகள் எல்லாவற்றையும் பையோடு கொண்டுவரச் சொல்வது இதற்காகத்தான்.

இப்போது உங்கள் அப்பாவுக்கு நடந்ததற்கு வருகிறேன். டியூப் இருக்கும்போது மூச்சு நன்றாகத்தானே விட்டார், எடுத்த பிறகு ஏன் திணறினார் என்று உங்களுக்குத் தோன்றியிருக்கும். நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் நடுவில் இருந்து மூச்சை இழுக்கிற உதரவிதானம் இந்த மருந்தை நன்றாகத் தாங்குகிற தசை. முதலில் தெளிவதும் அதுதான். தொண்டைத் தசைகளும் நாக்கைத் தூக்கிப் பிடிக்கிற தசைகளும் கடைசியில் தெளிபவை. டியூப் உள்ளே இருக்கிறவரை வழி திறந்திருக்கும், உதரவிதானம் இழுக்கும், மானிட்டரில் எல்லாம் அழகாகத் தெரியும். டியூபை உருவியதும் தளர்ந்த நாக்கும் தொண்டையும் வழியை அடைக்கும். விழுங்குவதும் சரியாக நடக்காது, எச்சில் நுரையீரலுக்குள் இறங்கும். முதியவர்களுக்கு விழுங்கும் தசைகள் மருந்து இல்லாமலே கொஞ்சம் தடுமாறுபவை. மிச்ச மருந்து அதன் மேல் சேர்கிறது. போதாததற்கு, ஆக்சிஜன் குறைந்தால் "வேகமாக மூச்சு விடு" என்று மூளைக்குச் சொல்கிற கழுத்து நாடிப் பக்கத்து உணரியையும் இந்த மருந்துகள் மந்தமாக்குகின்றன.

இது அபூர்வமாக நடப்பது என்று நினைக்க வேண்டாம். 2015-இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், ஆபரேஷன் முடிந்து ரெக்கவரி அறைக்கு வந்தவர்களை அளந்தபோது 70 முதல் 90 வயதுக்காரர்களில் சுமார் 58 சதவீதம் பேருக்கு மருந்து முழுதாக இறங்கியிருக்கவில்லை. 18 முதல் 50 வயதுக்காரர்களில் அது 30 சதவீதம். பெரும்பாலானவர்கள் எப்படியோ சமாளித்துக்கொள்கிறார்கள், சிலருக்கு உங்கள் அப்பா மாதிரி ஆகிறது, சிலருக்கு மூன்றாம் நாள் நிமோனியாவாக வெளிப்பட்டு "சளி பிடிச்சிருச்சு" என்று போய்விடுகிறது. மருந்து இறங்காததையும் மூன்று நாள் கழித்து வந்த சளியையும் யாரும் சேர்த்துப் பார்ப்பதில்லை. எனக்கு அதிக வருத்தம் தருவது இதுதான், ஏனென்றால் அளந்து பார்க்க வழி இருக்கிறது.

எப்படி அளக்கிறோம் என்று சொல்கிறேன். மணிக்கட்டில் சுண்டுவிரல் பக்கமாக இரண்டு ஒட்டுப் பட்டைகளை வைக்கிறோம். அதன் அடியில் அல்நார் நரம்பு ஓடுகிறது. அரை வினாடிக்கு ஒன்றாக நான்கு சிறு மின்துடிப்புகள். டிரெயின் ஆஃப் ஃபோர் என்று பெயர், 1970 முதல் இருக்கிற முறை. தசை மருந்து போடும் முன் கட்டைவிரல் நான்கு முறையும் ஒரே வலுவோடு உள்பக்கமாகச் சுண்டும். மருந்து ஏறும்போது நான்காவது சுண்டல் முதலில் மெலிந்து மறையும், அப்புறம் மூன்றாவது, இரண்டாவது, கடைசியில் கட்டைவிரல் அசையாமல் கிடக்கும். இறங்கும்போது ஒன்று வரும், இரண்டு வரும், நான்கும் வந்த பிறகும் நான்காவது முதலாவதைவிட நோஞ்சானாகவே இருக்கும். நான்காவதன் வலுவை முதலாவதால் வகுக்கிற எண் 0.9-ஐத் தொட்டால்தான் தொண்டைத் தசைகளை நம்பி டியூபை எடுக்கலாம். முன்பு 0.7 போதும் என்று இருந்தது. அது போதாது என்று பிறகு தெரிந்தது.

இதைக் கண்ணால் பார்த்தோ விரலால் தொட்டோ கணிக்க முடியாது. 0.4-ஐத் தாண்டியதும் எவ்வளவு அனுபவசாலிக்கும் நான்கு சுண்டலும் ஒரே மாதிரிதான் தெரியும். 0.4-க்கும் 0.9-க்கும் நடுவில் இருக்கிற ஆபத்தான பகுதி முழுவதும் கண்ணுக்குத் தெரியாது. தலையைத் தூக்கி ஐந்து வினாடி வைக்கச் சொல்கிற பழைய சோதனையையும் 0.6-இலேயே பலர் செய்துவிடுவார்கள். கட்டைவிரலில் சின்ன உணரி ஒன்றை ஒட்டி எண்ணாகக் காட்டுகிற கருவி வேண்டும். மூட்டுவாதத்தில் விரல் இறுகிப்போனவர்களுக்குத் தசையின் மின் அலையை நேராக அளக்கிற வகை இருக்கிறது. கை துணிக்குள் மறைந்திருக்கிறது என்று நெற்றியில் பட்டையை ஒட்டி, புருவம் துள்ளுவதைப் பார்த்து முடிவு செய்வதும் ஏமாற்றும். புருவத் தசை கட்டைவிரலைவிட முன்னதாகத் தெளிந்துவிடும். அமெரிக்க மயக்க மருத்துவர் சங்கம் 2023-இல் வெளியிட்ட வழிகாட்டுதலும் இதையே சொல்கிறது: கட்டைவிரலில், எண்ணாக அளந்து, 0.9 வந்த பிறகே டியூபை எடு என்று. நம் ஊரில் பல தியேட்டர்களில் இந்தக் கருவி இன்னும் இல்லை. இருக்கிற இடத்திலும் அலமாரியில் இருக்கும். ஒரு வென்டிலேட்டர் ராத்திரிக்கு ஆகும் செலவையும் அந்தக் குடும்பம் படுகிற பாட்டையும் நினைத்தால் இதை வாங்காமல் இருக்க எனக்கு ஒரு காரணமும் தெரியவில்லை.

முறிக்கிற மருந்துகள் இரண்டு வகை. நியோஸ்டிக்மின் பழையது, மலிவானது. அது தசை மருந்தை அகற்றுவதில்லை. அசிட்டைல்கோலின் சிதையாமல் தடுத்து, அதன் அளவைக் கூட்டிப் போட்டிபோட வைக்கிறது. அதற்கு ஓர் உச்சவரம்பு உண்டு. தளர்ச்சி ஆழமாக இருக்கும்போது எவ்வளவு போட்டாலும் தூக்கிவிடாது. நான்கு சுண்டலும் திரும்பிய பிறகு போட்டு, குறைந்தது பத்து நிமிடமாவது காத்திருக்க வேண்டும். அடுத்த கேஸ் வெளியே டிராலியில் காத்திருக்கிறது என்று அந்தப் பத்து நிமிடத்தைச் சுருக்குவதுதான் பல தொல்லைகளுக்கு மூலம். நாடி குறையாமல் இருக்கக் கூடவே அட்ரோபினோ கிளைக்கோபைரோலேட்டோ சேர்ப்பார்கள். முதியவர்களுக்கு கிளைக்கோபைரோலேட்தான் மேல். அட்ரோபின் மூளைக்குள் போய்க் குழப்பம் உண்டாக்கலாம்.

இன்னொன்று சுகமாடெக்ஸ். உள்ளே குழிவான வளைய வடிவச் சர்க்கரை மூலக்கூறு. ரோக்குரோனியத்தையும் வெக்குரோனியத்தையும் அப்படியே உள்ளே பிடித்து அடைத்துவிடும். ஐரோப்பாவில் 2008-இலும் அமெரிக்காவில் 2015 டிசம்பரிலும் அனுமதி கிடைத்தது. இரண்டாவது சுண்டல் வந்த நிலையில் கிலோவுக்கு 2 மில்லிகிராம் போட்டால் 65-க்குக் கீழே உள்ளவர்களுக்குச் சராசரியாக 2.3 நிமிடத்தில் 0.9 வந்துவிடுகிறது, 75 தாண்டியவர்களுக்கு 3.6 நிமிடம். ரத்த ஓட்டம் மெதுவாக இருப்பதுதான் அந்த ஒன்றேகால் நிமிடத் தாமதத்துக்குக் காரணம். அட்ராக்குரியம் வகையிடம் இது பலிக்காது. வடிகட்டும் திறன் 30-க்குக் கீழே போன சிறுநீரகத்துக்குப் பரிந்துரைப்பதில்லை. அபூர்வமாக ஒவ்வாமையும் நாடி குறைவதும் வரும். விலை கூடுதல்தான், காப்பீட்டில் ஒரு தொகைக்குள் முடிக்க வேண்டிய ஆபரேஷனில் இதை எல்லோருக்கும் போட முடிவதில்லை. ஆனால் ஒருமுறை டியூப் மறுபடி போடும்படி ஆனவருக்கு, ரோக்குரோனியம் கொடுத்தால், சுகமாடெக்ஸ் கைவசம் இருக்க வேண்டும் என்பது என் கருத்து. அதற்காக அளக்காமல் விட்டுவிடலாம் என்றும் இல்லை. சுகமாடெக்ஸ் போட்ட பிறகும் எண் பார்க்க வேண்டும்.

அப்பாவுக்கு வேறு காரணம் இருந்திருக்குமா என்றும் பார்க்க வேண்டும். டியூப் போடுவதற்கு ஸ்கோலின் (சக்சினைல்கோலின்) என்ற வேறு வகைத் தசை மருந்தைக் கொடுத்திருந்தால் கதையே மாறும். ஒரு நிமிடத்தில் தளர்த்தி, பத்து நிமிடத்துக்குள் ரத்தத்தில் உள்ள கோலினெஸ்டரேஸ் என்ற நொதியால் உடைந்துபோக வேண்டிய மருந்து அது. அந்த நொதி பிறவியிலேயே இல்லாதவர்களுக்கு மணிக்கணக்கில் மூச்சு திரும்பாது. கொங்கு நாட்டில் இது ஏட்டு விஷயம் அல்ல. ஆரிய வைசியர் சமூகத்தில் இந்தக் குறைபாடு கூடுதலாக இருப்பது இங்குள்ள மயக்க மருத்துவர்கள் எல்லோருக்கும் தெரியும். அதற்குக் காரணமான மரபணு மாற்றத்தைக் கண்டுபிடித்து 2006-இல் வெளியிட்டவர்களில் கோவை பாரதியார் பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர்கள் இருந்தார்கள். வேறு சமூகத்தாருக்கும் வராது என்றில்லை. அதோடு, பூச்சிக்கொல்லியில் ஆர்கனோபாஸ்பரஸ் வகை இதே நொதியை முடக்குவது. அப்பா ஆபரேஷனுக்கு முந்தின வாரங்களில் வாழைக்கோ மஞ்சளுக்கோ மருந்தடித்தாரா என்று யோசித்துப் பாருங்கள், மருத்துவரிடமும் சொல்லுங்கள். சாதாரண ரத்தப் பரிசோதனையில் நொதியின் அளவு தெரிந்துவிடும். பிறவிக் குறை என்று தெரிந்தால் உங்களையும் உங்கள் கூடப் பிறந்தவர்களையும் பரிசோதிக்க வேண்டும்.

இன்னொன்றும் கேட்கிறேன். சாயங்காலமானால் அவருக்கு இமை சரிகிறதா? ஒன்று இரண்டாகத் தெரிகிறதா? சாப்பிடும்போது பாதியில் தாடை சோர்ந்துபோகிறதா? மையஸ்தீனியா கிரேவிஸ் என்ற நோய் வயதான ஆண்களுக்குப் புதிதாக வருவதுண்டு. இந்த மருந்துகளில் கொஞ்சம் பட்டாலே அவர்கள் தசை விழுந்துவிடும். அறிகுறி இருந்தால் ஆபரேஷனுக்கு முன்பே நரம்பியல் மருத்துவரைப் பார்த்துவிடுங்கள்.

இனி குடலிறக்கம். இது உங்களுக்கு நல்ல செய்தி என்றுதான் சொல்வேன். லேப்ராஸ்கோப்பியில் செய்தால் பெரும்பாலும் பொது மயக்கம், தசை தளர்த்தும் மருந்து எல்லாம் வேண்டும். திறந்த முறையில் வலை வைத்துத் தைப்பதை முதுகில் போடும் ஊசியிலோ, அந்த இடத்தை மட்டும் மரக்க வைத்தோ செய்யலாம். தசை தளர்த்தும் மருந்தே தேவைப்படாது. அப்பா வயதுக்கும் முன் அனுபவத்துக்கும் நான் முதலில் அந்த வழியைத்தான் பேசுவேன். முதுகு ஊசிக்கும் தொந்தரவுகள் உண்டு: பிரஷர் இறங்கலாம், பிராஸ்டேட் வீக்கம் இருந்தால் சிறுநீர் அடைக்கலாம், ரத்தம் உறையாமல் இருக்க குளோபிடோகிரல் மாதிரி மாத்திரை சாப்பிடுகிறவருக்கு அதை நிறுத்தி நாள் கணக்குப் பார்க்க வேண்டும். பொது மயக்கம்தான் என்று முடிவானால் மயக்க மருத்துவரிடம் நேராகக் கேளுங்கள்: கட்டைவிரலில் எண் காட்டும் கருவி இருக்கிறதா, எந்தத் தசை மருந்து, எதை வைத்து முறிப்பீர்கள் என்று. கேட்டால் கோபித்துக்கொள்வார்களோ என்று தயங்க வேண்டாம். போன முறை நடந்ததைச் சொல்லிக் கேட்கிற குடும்பம் எங்களுக்கு உதவிதான் செய்கிறது. வார்டுக்கு வந்த பிறகு சொந்தக்காரர்கள் பாசத்தில் டம்ளரில் காபியோ இளநீரோ நீட்டுவார்கள். நர்ஸ் சொல்கிறவரை ஒரு வாய்கூட வேண்டாம். குரல் முனகலாக இருந்தாலோ எச்சில் கடைவாயில் வழிந்தாலோ உடனே கூப்பிடுங்கள்.

அப்பாவின் பயத்துக்கு நீங்கள் சமாதானம் சொல்வதைவிட மயக்க மருத்துவரே அவரிடம் உட்கார்ந்து பேசுவது நல்லது. முந்தின நாளாவது கூட்டிக்கொண்டு போங்கள். அன்றைக்கு என்ன கேட்டது, எவ்வளவு நேரம், என்ன நினைத்தார் என்று அவர் வாயாலேயே சொல்லட்டும். ஊசி போட்டு இடுப்புக்குக் கீழே மட்டும் மரக்கும், நீங்கள் முழித்தே இருக்கலாம், பேசிக்கொண்டே இருக்கலாம் என்று கேட்டாலே பல பெரியவர்கள் சம்மதித்துவிடுகிறார்கள்.

அதற்கு முன் ஒரு வேலை. போன வருடத்து மயக்க மருந்துச் சார்ட்டின் நகலை வாங்குங்கள். டிஸ்சார்ஜ் சம்மரியில் இதெல்லாம் இருக்காது. எந்தத் தசை மருந்து, எத்தனை மணிக்கு, கடைசி டோஸ் எப்போது, ஸ்கோலின் போட்டார்களா, எதைக் கொடுத்து முறித்தார்கள், எத்தனை மணிக்கு டியூபை எடுத்தார்கள் என்பதெல்லாம் அந்த ஒற்றைத் தாளில் இருக்கும். இந்திய மருத்துவக் கவுன்சிலின் 2002-ஆம் ஆண்டு நெறிமுறை விதிகளின்படி உள்நோயாளியின் ஆவணங்களை 3 வருடம் வைத்திருக்க வேண்டும். நோயாளி கேட்டால் 72 மணி நேரத்துக்குள் கொடுக்க வேண்டும். எழுத்தில் ஒரு விண்ணப்பம் கொடுத்து, கொடுத்ததற்கு ஒப்புதலும் வாங்கிக்கொள்ளுங்கள்.